பிரபலங்களின் சர்ச்சை ஏன் இப்படிக் கூடிக்கொண்டே போகிறது?

மாங்குளம் சந்தி:

கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடுகிற கேள்வி. காலையில் எழும்பிப் போனைத் திறந்தால் ஒரு நடிகரின் விவாகரத்து, மத்தியானம் ஒரு பாடகர் மீது முறைப்பாடு, பின்னேரம் ஒரு கிரிக்கெட் வீரர் கைது, படுக்கப் போகும்போது பார்த்தால் எங்கள் பக்கத்து யூரியூப்பர்கள் இரண்டு பேர் நேரலையில் நின்று ஆளை ஆள் கிழிக்கிறார்கள். முந்தி இப்படி இருக்கவில்லையே. அந்தக் காலத்து நடிகர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது, இப்போது சின்ன வயதிலேயே காசும் புகழும் கிடைத்துத் தலைகால் தெரியாமல் ஆடுகிறார்கள் என்று அப்பா சொல்கிறார். எனக்கு அது முழுதாகச் சரியென்று படவில்லை, ஆனால் எதிர்த்துச் சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை.

உண்மையிலேயே கூடிவிட்டதா, அல்லது எங்களுக்குத் தெரிய வருவதுதான் கூடியிருக்கிறதா? விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "இதெல்லாம் உனக்கு எதுக்கு, போய் வேலையைப் பார்" என்று எழுத இருப்பவர்கள் தயவுசெய்து கடந்து போகவும், வேலை பார்த்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

---

பழைய பேப்பர்:

தம்பி, அப்பாவின் கதையைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். அந்தக் காலம் சுத்தம் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான், லட்சுமிகாந்தனைத் தெரியுமா?

1943 அளவில் சென்னையில் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தியவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் சரக்கு. எழுதிக் காசு பார்த்தது ஒருபக்கம், எழுதாமல் விடுவதற்கு வாங்கியது இன்னொரு பக்கம். அது யுத்த காலம், பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும், அதனால் சினிமாக்காரர்கள் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து அதை நிறுத்தினார்கள். ஆள் சும்மா இருக்கவில்லை. 'இந்துநேசன்' என்ற வேறொரு பத்திரிகையை வாங்கி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1944 நவம்பரில் வேப்பேரியில் வைத்துக் கத்தியால் குத்தினார்கள், அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டார். அந்த வழக்கில் கைதானவர்கள் யார் தெரியுமா, எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும். அந்த நேரம் பாகவதரின் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்று தீபாவளி கண்ட படம். படம் தியேட்டரில், கதாநாயகன் சிறையில். ஆயுள் தண்டனை கிடைத்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 இல்தான் இரண்டு பேரும் விடுதலையானார்கள். கிருஷ்ணன் திரும்பவும் எழும்பி நடித்தார். பாகவதர் எழும்பவே இல்லை, 1959 இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஹொலிவூட்டில் இதற்கும் முந்தியது உண்டு. 1921 இல் ரொஸ்கோ ஆர்பக்கிள் என்ற நகைச்சுவை நடிகர் மீது ஒரு பெண்ணின் சாவு தொடர்பாக வழக்கு வந்தது, மூன்று தரம் விசாரித்தார்கள். கடைசியில் ஜூரிமார் அவரை விடுவித்தது மட்டுமில்லாமல் அவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று எழுதியும் கொடுத்தார்கள். அவருடைய மார்க்கெட் அதற்குள் முடிந்துவிட்டது. 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டதை அப்பாவே சொல்லியிருப்பார். இதைவிடப் பெரிதாக இப்போதைய ஆட்கள் எதைச் செய்துவிட்டார்கள்?

ஆட்டம் அன்றும் இருந்தது. ஆனால் அன்று லட்சுமிகாந்தனுக்கு அச்சகம் வேண்டும், தாள் வேண்டும், வெள்ளைக்காரனின் உரிமம் வேண்டும். இன்று அதெல்லாம் ஒருவருக்கும் வேண்டியதில்லை.

---

நடு விக்கெட்:

அண்ணை சொன்னதோடு கிரிக்கெட் பக்கத்தையும் சேர்க்கிறேன், எனக்கு அதுதான் தெரியும்.

1994 செப்டம்பர், கொழும்பில் சிங்கர் கிண்ணத் தொடர். 'ஜோன்' என்று சொல்லிக்கொண்ட ஒரு பந்தயக்காரரிடம் அவுஸ்திரேலிய வீரர் ஷேன் வோர்ன் 5000 அமெரிக்க டொலர் வாங்கினார், மார்க் வோ 4000. ஆடுகளம் எப்படி, காலநிலை எப்படி என்று சொல்வதற்குத்தானாம். அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபைக்கு அது தெரியவந்து 1995 இல் இரண்டு பேருக்கும் அபராதம் போட்டு, வெளியில் ஒருவருக்கும் மூச்சுக்கூட விடாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பத்திரிகை அதைத் தோண்டி எடுத்தது 1998 டிசம்பரில். நடந்து நாலு வருசத்துக்குப் பிறகு!

இப்போது 2018 மார்ச், கேப்டவுன். அவுஸ்திரேலிய வீரர் பான்க்ரொஃப்ட் ஏமாற்றுவதற்காக ஒரு மஞ்சள் துண்டால் பந்தைத் தேய்த்ததைக் கமரா பிடித்து மைதானத்துப் பெரிய திரையிலேயே காட்டிவிட்டது. ஆள் அந்த மஞ்சள் துண்டைக் காற்சட்டைக்குள் திணித்ததும் அதே திரையில். அன்று மாலையே அணித்தலைவர் ஸ்மித்தும் அவரும் ஊடகங்களுக்கு முன்னால் இருந்து ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் ஸ்மித், வோர்னர் இருவருக்கும் ஒரு வருசத் தடை, பான்க்ரொஃப்டுக்கு ஒன்பது மாதம்.

94 இல் கிரிக்கெட் வீரர்கள் நல்லவர்களாக இருந்து 2018 இல் கெட்டுப்போனார்களா என்ன? பூட்டி வைக்கிற பெட்டிதான் உடைந்துவிட்டது. முந்தி ஒரு செய்தியை அமத்துவதற்கு நாலு பெரிய மனிதர்கள் ஒரு அறைக்குள் இருந்து பேசினால் போதும். இப்போது கலரியில் இருக்கிற ஒவ்வொருவர் கையிலும் கமரா.

அப்புறம் எங்கள் வன்னிக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு, அதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 98 டிசம்பரில் அந்த வோர்ன் கதை வெளிவந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். கரண்ட் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். அப்படிச் சுற்றிக் கேட்டது எங்கே ஷெல் விழுந்தது, யார் பிடிபட்டது, பாதை திறக்குமா என்பதைத்தான். நடிகையின் காதலைக் கேட்க யார் கை உளையச் சுற்றுவான்? இந்திய சஞ்சிகை எப்போதாவது வரும், அட்டை கிழிந்து, குறுக்கெழுத்தை யாரோ நிரப்பி முடித்து, அதில் "அந்த உயரமான நடிகர்" என்று பெயர் சொல்லாமல் ஒரு கிசுகிசு இருக்கும். அவ்வளவுதான். கொழும்புக்காரனும் சென்னைக்காரனும் பேப்பர், ரீவி, கேபிள், இன்டர்நெட் என்று படிப்படியாக ஏறி வந்ததை, நாங்கள் 2009 க்குப் பிறகு ஒரே பாய்ச்சலில் தாண்டினோம். ஆகவே "முந்தி இப்படி இருக்கவில்லை" என்று எங்கள் சனம் சொல்வது பொய்யில்லை, எங்களிடம் முந்தி எதுவுமே இருக்கவில்லை.

---

டிஸ்பிளே மாற்றித் தரப்படும்:

நான் கிளிநொச்சியில் போன் திருத்துகிற ஆள், பெரிய படிப்பெல்லாம் இல்லை, கண்டதைச் சொல்கிறேன்.

டிஸ்பிளே மாற்றிய பிறகு நாலு மூலையிலும் தொடுகை வேலை செய்கிறதா என்று பார்க்க யூரியூப்பைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பது வழக்கம், போன்காரரை முன்னால் வைத்துக்கொண்டுதான். ஆளைப் பார்த்தால் திருநீறு, சந்தனம், பெரிய மனிதர். திரையில் முதல் வரிசையிலேயே ஒரு நடிகையின் அழுகிற முகம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே "சற்றுமுன் வெளியான அதிர்ச்சி". "பேரன் போட்டுப் பார்க்கிறவன் தம்பி" என்பார். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அப்படி ஒரு பேரன் இருக்கிறான்.

விசயம் என்னவென்றால், அந்தச் செயலிக்கு நல்லது கெட்டது தெரியாது. எதை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எதைத் தொட்டீர்கள், அதுதான் தெரியும். ஒன்றைக் கடைசிவரை பார்த்தால் அதே சாதியில் இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். யூரியூப்பில் விளம்பரக் காசு வரவேண்டும் என்றால் 1000 சந்தாதாரர், ஒரு வருசத்தில் 4000 மணித்தியாலப் பார்வை, இது 2018 இல் வந்த விதி. புதிதாகச் சனல் தொடங்குகிற பையன் அந்த 4000 மணித்தியாலத்தை எதைப் போட்டு நிரப்புவான்? குளக்கட்டில் வெளிநாட்டுப் பறவை வந்திருக்கிறது என்று போட்டால் அவனும் அவன் தாயும் பார்ப்பார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்த்தால் விளம்பரக் காசும் கூட, அங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்கும் இந்த வம்புதான் வேண்டும்.

ஒரு ஆட்டை அடித்து ஊருக்கே பங்கு போடுவோமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. சம்பவம் ஒன்றுதான். அதை வெட்டி, "நடந்தது என்ன" ஒன்று, அந்த நடிகர் பத்து வருசத்துக்கு முன் கொடுத்த பேட்டி ஒன்று, சோதிடர் அன்றே சொன்னார் என்று ஒன்று, முன்னாள் மனைவி மௌனம் ஏன் என்று ஒன்று, மன்னிப்புக் கேட்ட வீடியோ, அந்த மன்னிப்பு உண்மையா என்று உடல்மொழி பார்க்கிற வீடியோ. எண்ணிப் பார்த்தால் பத்துச் சர்ச்சை மாதிரி இருக்கும்.

போதாக்குறைக்கு நடக்காததும் வருகிறது. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடம்பில் ஒட்டிய வீடியோ வந்ததே, எங்கள் கடை வாசலில் நின்று அது உண்மை என்று அடித்துச் சொன்னவர்கள் உண்டு. பொலிஸ் ஆளைப் பிடித்த செய்தி வந்தபோது அவர்களைக் காணவில்லை.

---

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

மேலே எழுதிய மூவரும் ஆம்பிளைகள் என்று நினைக்கிறேன், அதனால் ஒரு பக்கம் விடுபட்டுப் போயிருக்கிறது. கமராவும் யூரியூப்பும் சரிதான். ஆனால் கூடியதில் ஒரு பகுதி உண்மையான கூடுதல், அது கூடத்தான் வேண்டும்.

கேரளத்தை எடுங்கள். 2017 பெப்ரவரியில் ஒரு நடிகையைக் காரில் கடத்தித் துன்புறுத்தினார்கள், அதற்குப் பிறகு அங்குள்ள சினிமாப் பெண்கள் சேர்ந்து கேட்டு, சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. அந்தக் குழு அறிக்கையைக் கொடுத்தது 2019 டிசம்பரில். அரசாங்கம் வெளியிட்டது 2024 ஓகஸ்டில், அதுவும் பல பகுதிகளை மறைத்துவிட்டு. நாலரை வருசம் அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. வெளிவந்த கையோடு ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் பேசத் தொடங்க, நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழுவே கலைந்தது, தலைவராக இருந்த மோகன்லாலும் விலகினார். அந்த மாதம் செய்தி பார்த்தவர்களுக்கு, மலையாளச் சினிமா திடீரென்று கெட்டுப்போன மாதிரி இருந்திருக்கும். கெட்டது எப்போதோ. பேசியதுதான் 2024 இல்.

தமிழிலும் 2018 ஒக்டோபரில் பாடகி சின்மயி பாலியல் தொல்லை பற்றி வாய் திறந்தார். அவர் யாருடைய பெயரைச் சொன்னாரோ அந்த ஆள் மறுத்தார், சரி, அது அவர்கள் விசயம். ஆனால் அடுத்த மாதமே டப்பிங் சங்கத்தில் இருந்து அவரை நீக்கினார்கள், சந்தா கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள். பேசினால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

இது சினிமாவோடு நிற்கிற விசயமும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்ல வந்தால் முதல் கேள்வி "நீ ஏன் அந்த நேரம் அங்க போனாய்". இரண்டாவது கேள்வி "இது வெளியில தெரிஞ்சா தங்கச்சிக்கு ஆர் மாப்பிள்ளை தருவினம்". முன்பு என் வகுப்பில் இருந்த பிள்ளை ஒன்று, இப்போது வவுனியாவில் வேலை, அந்தக் கேரளப் பெண்களின் பேட்டிகளை ஒன்றும் விடாமல் பார்த்ததாகச் சொன்னாள். வம்பு கேட்கும் ஆசையில் பார்க்கவில்லை, எப்படிச் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று பார்த்திருக்கிறாள். அதனால் எல்லாவற்றையும் "வம்பு" என்று ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டாதீர்கள். விவாகரத்து வேறு, குற்றம் வேறு. விவாகரத்தில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

---

முல்லைக் கரை:

ரீச்சர் சொன்னது நூறு வீதம் சரி. நான் கேள்வியின் மற்றப் பக்கத்துக்கு வருகிறேன், "பிரபலம்" என்ற கூட்டமே பெருத்துவிட்டது, அதைக் கணக்கில் எடுத்தீர்களா? முந்தி பிரபலம் என்றால் சினிமா, பாட்டு, கிரிக்கெட், அரசியல். இப்போது எங்கள் முல்லைத்தீவுக் கரையிலேயே மூன்று இலட்சம் பேர் பார்க்கிற ஆள் இருக்கிறார். ஆள் கூடினால் சர்ச்சை கூடத்தானே செய்யும்.

பெயர் சொல்ல மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா, கணவர் இல்லை, தகரக் கொட்டில். உதவி வீடியோ எடுக்கிறவர்கள் வந்தார்கள். அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் ஒரு பொதியில். அம்மா கையை நீட்டிவிட்டார், பொதி வரவில்லை, "அம்மா கொஞ்சம் பொறுங்கோ" என்று கமராவை வெயிலுக்குச் சரிப்படுத்துகிறார்கள். பிறகு அவர் கணவரைப் பற்றிச் சொல்லி அழுதார். கடற்காற்று மைக்கில் அடித்துவிட்டது என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார், ஆனால் இரண்டாம் தரம் அழுகை வரவில்லை. வீடியோவில் முதல் தரத்துப் படத்துக்கு மேலே சோகப் பாட்டு ஒன்றைப் போட்டுச் சமாளித்திருந்தார்கள்.

அதே ஆட்கள்தான் பிறகு வெளிநாட்டில் இருந்து வந்த காசுக்குக் கணக்கு எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்டு நேரலையில் கிழித்தார்கள். அந்தச் சண்டைக்கு உதவி வீடியோவைவிடப் பார்வை கூட. பிறகென்ன, சண்டையே தொழிலாகிவிட்டது. சமாதானமானால் வருமானம் குறையும் என்று தெரிந்தவன் சமாதானமாவானா? நடிகர்களாவது படம் நடித்துவிட்டுத்தான் சர்ச்சையில் மாட்டுகிறார்கள், இவர்களுக்குச் சர்ச்சைதான் படம்.

(நல்ல மாதிரி உதவி செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை, வந்து கீழே ஏசாதீர்கள்.)

---

மாங்குளம் சந்தி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரீச்சரிடம் ஒரு கேள்வி. எங்கள் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக்கவின் விசயம் என்ன? 2022 நவம்பரில் பாலியல் குற்றச்சாட்டில் சிட்னியில் கைது, அணி அவரை விட்டுவிட்டு நாடு திரும்பியது, சபை தடை போட்டது, இங்கே தேநீர்க் கடையில்கூட அவரைத் தூக்கில் போட்டார்கள். 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவர் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. அந்தச் செய்திக்கு எத்தனை சிவப்பு வட்டம் போட்டார்கள்? என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை இரண்டு பக்கத்துப் பெயரும் வெளியே வராமல் இருந்தால் என்ன?

---

பழைய பேப்பர்:

ரீச்சர் வருவதற்குள் சட்டப் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். அவதூறுக்குச் சிறை என்பதை இலங்கையில் 2002 இலேயே எடுத்துவிட்டார்கள், இப்போது நட்டஈடு கேட்டு சிவில் வழக்குத்தான் போடலாம். அதற்கு வருசக்கணக்கும் காசும் வேண்டும். 2024 இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது, ஆனால் அது விமர்சிப்பவர்களின் வாயைக் கட்டத்தான் உதவும் என்று பத்திரிகையாளர்களே எதிர்த்தார்கள். பெயரை மறைக்கச் சட்டம் கேட்டால், அந்தச் சட்டத்தை முதலில் பயன்படுத்துகிறவர் நடிகராக இருக்க மாட்டார், அரசியல்வாதியாக இருப்பார். யோசித்துக் கேளும் தம்பி.

---

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

தம்பி, நல்ல கேள்வி. சிட்னியில் முறைப்பாடு செய்த பெண்ணின் பெயரைச் சட்டம் மறைத்தது, குணதிலக்கவின் பெயர் மறையவில்லை. விடுதலைச் செய்தி பாதிப்பேருக்குப் போய்ச் சேரவில்லை என்பது அநியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஹொலிவூட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் பெயர் 2017 ஒக்டோபரில் நியூயோர்க் ரைம்ஸில் வந்த பிறகுதான் 80 க்கு மேற்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக வந்து எனக்கும் நடந்தது என்றார்கள். தீர்ப்பு வரும்வரை பெயரை மறைத்திருந்தால் இரண்டாவது பெண்ணுக்கு முதல் பெண் இருப்பதே தெரிந்திருக்காது. குணதிலக்கவுக்குப் பொருந்துகிற விதி வைன்ஸ்டீனுக்கும் பொருந்தும், இரண்டு விதி எழுத முடியாது. நான் பெயர் வரட்டும் என்கிற பக்கம்தான்.

---

டிஸ்பிளே மாற்றித் தரப்படும்:

பெயர் வரட்டும் அக்கா, ஆனால் கைதுக்கு எத்தனை வீடியோ போட்டானோ விடுதலைக்கும் அத்தனை போட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளை போடட்டும்.

---

முல்லைக் கரை:

போடுவான், ஏன் போடமாட்டான். "விடுதலைக்குப் பின்னால் இருக்கும் மர்மம் என்ன" என்று அதற்கும் பாகம் ஒன்று, பாகம் இரண்டு.